நாற்காலியை மாற்றியும் வலி போகவில்லையே, ஏன்?

வாசகர் கடிதம்: "கப்பலூர்ப் பக்கம் ஒரு சட்டைத் தையல் நிறுவனத்தில் பதினோரு ஆண்டுகள் டெய்லராக இருந்தேன். மூன்று ஆண்டுகளாக லைன் சூப்பர்வைசர். என் லைனில் 42 மெஷின்கள். உசிலம்பட்டி, செக்கானூரணி, திருமங்கலம் பக்கத்துப் பெண்கள்தான் பெரும்பாலும். கழுத்து வலி, தோள்பட்டை வலி, இரவில் விரல் மரத்துப்போகிறது என்று சொல்லாத ஆளே இல்லை. போன ஆண்டு முதலாளி எல்லோருக்கும் சக்கரம் வைத்த புது நாற்காலி வாங்கிப் போட்டார். வலி குறையவில்லை. தை மாதத்திலிருந்து ஒவ்வொரு மெஷினிலும் ஒரு திரை மாட்டியிருக்கிறார்கள். மணிக்கு 60 பீஸ் என்ற டார்கெட்டில் பின்தங்கினால் அது சிவப்பாகிவிடும். அது வந்த பிறகு பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டார்கள். பாத்ரூம் போகவும் பயப்படுகிறார்கள். காலர் ஏற்றும் பெண் ஒருத்தி, இருபது வயதுதான், திரை சிவந்ததும் மெஷின்மேல் தலையைக் கவிழ்த்து அழுதுவிட்டாள். 'நாற்காலிக்கு இவ்வளவு செலவு செய்த பிறகும் வலி என்றால், அது வேலை செய்ய மனமில்லாத வலி' என்கிறார் முதலாளி. இது உடம்பு வலியா, மன வலியா? பெரிய செலவில்லாமல் நான் என்ன செய்ய முடியும்?"

பதில் அளிப்பவர்: மதுரையில் பணிபுரியும் இயன்முறை மருத்துவர், தொழிலாளர் உடல்நலத்தில் தனிப்பயிற்சி பெற்றவர்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் லைனில் உள்ள பெண்கள் சொல்லும் வலி உண்மையானது. அதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஒரு தொழிற்கூடத்தில் வலி பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் "இது நிஜமா, நடிப்பா" என்ற விசாரணையிலேயே பல மாதங்கள் கழிந்து, செய்ய வேண்டியது எதுவும் செய்யப்படாமல் போவதை நான் பார்த்து வருகிறேன். ஒரே லைனில், ஒரே வகை வேலை செய்யும் பலருக்கு ஒரே இடத்தில் வலிக்கிறது என்றால், காரணத்தை அவர்களுடைய குணத்தில் தேடுவதில் பொருளில்லை; அவர்கள் எல்லோருக்கும் பொதுவாக இருப்பது மேசை, மிதி, விளக்கு, கத்தரி, டார்கெட், திரை ஆகியவைதான். காரணத்தையும் அங்கேதான் தேட வேண்டும். இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி 1700-ஆம் ஆண்டிலேயே, நோயாளியிடம் கேட்கும் வழக்கமான கேள்விகளோடு "நீ என்ன தொழில் செய்கிறாய்?" என்பதையும் சேர்த்துக் கேளுங்கள் என்று மருத்துவர்களுக்கு எழுதிவைத்தார். உட்கார்ந்தே வேலை செய்யும் தையல்காரர்களின் வளைந்த முதுகைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார். முந்நூறு ஆண்டுக்கு மேலாகத் தெரிந்த விஷயத்தைத்தான் நீங்கள் உங்கள் லைனில் கண்ணால் பார்க்கிறீர்கள்.

முதலாளி நாற்காலிக்குப் பணம் செலவழித்தது நல்ல மனத்தோடுதான் என்று நினைக்கிறேன், அதை யாரும் குறைத்துப் பேச வேண்டாம். ஆனால் அந்த நாற்காலி ஏன் பயன்படவில்லை என்பதை நீங்களே பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். வேலை மும்முரமாக நடக்கும் நேரத்தில் லைனின் பக்கவாட்டில் நின்று, ஒருவருடைய முதுகை மட்டும் பாருங்கள். நாற்காலியின் சாய்மானத்தில் அவர் முதுகு படுகிறதா? பெரும்பாலும் படாது. இருக்கையின் முன்விளிம்பில் ஒட்டி உட்கார்ந்து, கழுத்தை முன்னால் நீட்டி, ஊசிக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்திருப்பார். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய சாய்மானமும் தொடாத முதுகுக்கு உதவ முடியாது. அவரை முன்னால் இழுப்பவை இரண்டு: ஒன்று ஊசிமுனையைப் பார்க்க வேண்டிய கண், மற்றொன்று மிதியை எட்ட வேண்டிய கால். கண்ணும் காலும் எங்கே போகின்றனவோ அங்கேதான் முதுகும் போகும். நாற்காலியை மாற்றியவர்கள் இந்த இரண்டையும் மாற்றவில்லை.

சக்கரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அலுவலகத்தில் கணினி முன்னால் அமர்பவருக்குச் சக்கரம் வைத்த நாற்காலி வசதிதான். மோட்டாரில் ஓடும் பவர் மெஷினில் மிதியை அழுத்துகிறவருக்கு அது எதிரி, ஏனென்றால் மிதியை முன்னால் அழுத்தும் ஒவ்வொரு முறையும் நாற்காலி பின்னால் நழுவப் பார்க்கும். அதைத் தடுக்க மற்றொரு காலைத் தரையில் ஊன்றி, இடுப்பை இறுக்கிக்கொண்டுதான் அவர் தைக்க வேண்டியிருக்கும். நாள் முழுவதும் இப்படி இறுக்கியபடி இருந்தால் இடுப்பு வலிக்காமல் என்ன செய்யும்? சக்கரங்களைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் ரப்பர் புஷ் போடச் சொல்லுங்கள். புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை.

இனி மேசை. தொழிற்சாலைத் தையல் மேசைகளின் காலில் உயரம் கூட்டிக் குறைக்கப் போல்ட் உண்டு. ஆனால் மெஷின் வந்து இறங்கிய நாளில் மெக்கானிக் எந்த உயரத்தில் முடுக்கினாரோ, அதே உயரத்தில்தான் நாலே முக்கால் அடிப் பெண்ணும் ஐந்தரை அடிப் பெண்ணும் ஆண்டுக்கணக்கில் தைக்கிறார்கள். ஒருவரை உட்காரவைத்து, கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, முழங்கையை மடக்கச் சொல்லுங்கள். மேசைப்பலகை அந்த முழங்கை மட்டத்துக்கு ஏறத்தாழ 5 செ.மீ. மேலே இருந்தால் குனிய வேண்டிய தேவை குறையும். அதற்கும் மிக மேலே போனால் தோள் தூக்கிக்கொள்ளும். கீழே இருந்தால் கழுத்து தொங்கும். சாதாரணமாக எழுதும் மேசைக்குச் சொல்லப்படும் உயரத்தைவிட இது சற்று அதிகம், ஏனென்றால் தையலில் கையைவிடக் கண்ணுக்குத்தான் நெருக்கம் தேவைப்படுகிறது. பலகையின் பின்பக்கத்தை உயர்த்தி, தைப்பவர் பக்கமாகச் சுமார் 10 பாகை சாய்த்துக் கொடுத்தால் கழுத்து இன்னும் நிமிரும் என்பதும் தையல் மேசைகளை வைத்தே ஆராய்ந்தவர்கள் கண்டது. ஆனால் உங்கள் மெஷின்களின் அடியில் எண்ணெய்த் தொட்டி இருந்தால், சாய்ப்பதற்கு முன் மெக்கானிக்கிடம் கேட்டுவிடுங்கள். எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கிவிட்டால் மெஷின் கெட்டுப்போகும், அந்தப் பழியும் உங்கள்மேல்தான் வந்து விழும்.

மிதியையும் அவரவர் காலுக்கு ஏற்ப முன்னும் பின்னும், இடமும் வலமும் நகர்த்தித் தர வேண்டும். முழங்கால் செங்கோணத்தைவிடச் சற்றே விரிந்திருக்கும் நிலையில், பாதம் முழுவதும் மிதியில் படிய வேண்டும். உயரம் குறைந்த பெண்கள் கட்டைவிரல் நுனியால் எக்கி மிதித்துக்கொண்டிருப்பார்கள். அவர்களை நீங்கள் பார்த்தவுடனே அடையாளம் கண்டுகொள்ளலாம்.

கழுத்து கொஞ்சம் குனிந்திருப்பதில் என்ன பெரிய கேடு என்று முதலாளி கேட்கக்கூடும். மனிதத் தலையின் எடை ஏறத்தாழ 5 கிலோ. அது தோளுக்கு நேர்மேலே இருக்கும்வரை எலும்பு தாங்கும். முன்னால் நீண்டுவிட்டால், பின்கழுத்துத் தசைகள்தான் இழுத்துப் பிடித்துத் தாங்க வேண்டும். தண்ணீர்க் குடத்தைச் சுமந்து நடந்துகொண்டே இருப்பவரைவிட, அதைக் கையில் ஏந்தியபடி அசையாமல் நிற்பவருக்குத்தான் சீக்கிரம் கை கடுக்கும். அசையும் தசை இறுகித் தளர்ந்து இறுகித் தளர்ந்து இரத்தத்தை வாங்கிக்கொள்கிறது. அசையாமல் இறுகியே இருக்கும் தசை தன்னுள் ஓடும் இரத்தக் குழாய்களைத் தானே நெரித்துக்கொள்கிறது. ஆகவே "வெறுமனே உட்கார்ந்து செய்கிற வேலைதானே" என்ற பேச்சு தவறானது. உடம்பின் மேற்பகுதி அசையாமல் இருப்பதுதான் இந்த வேலையின் கடினம்.

நாற்காலியே வீண் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் தையல் தொழிலாளர் 277 பேரை வைத்து நடந்து, 2008-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய, முன்விளிம்பு வளைந்து இறங்கும் இருக்கையைக் கொடுத்தபோது நான்கு மாதங்களில் கழுத்து, தோள் வலி குறைந்தது. தைப்பவர் முன்னால் சரிந்துதான் உட்காருவார் என்பதை ஏற்றுக்கொண்டு வடிவமைத்த இருக்கை அது. வேலைக்குப் பொருந்தும் நாற்காலி வேறு, விலை கூடிய நாற்காலி வேறு.

அடுத்தது, எல்லோரும் மறந்துவிடும் ஒன்று: கண்ணாடி. உங்கள் லைனில் நாற்பது வயதைத் தாண்டியவர்கள் எத்தனை பேர், அவர்களில் வெள்ளெழுத்துக் கண்ணாடி போடுகிறவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். கருநீலத் துணியில் கருநீல நூல் ஓடும்போது, கண்ணுக்குத் தெரியாதவர் தெரியும்வரை குனிந்துகொண்டே போவார். அவருக்கு எந்த மேசையும் உதவாது. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் 40 வயதைக் கடந்த 751 தொழிலாளர்களிடம் நடந்து, 2018-இல் வெளியான ஆய்வில், அருகில் உள்ளதைத் தெளிவாகப் பார்ப்பதற்கான எளிய கண்ணாடி பெற்றவர்கள் பறித்த இலையின் அளவு, கண்ணாடி பெறாதவர்களோடு ஒப்பிடும்போது சுமார் 22 விழுக்காடு கூடியது. இலை பறிப்பதற்கே அப்படி என்றால், மில்லிமீட்டர்க் கணக்கில் ஓடும் தையலுக்கு என்ன ஆகும் என்று யோசியுங்கள். அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கும் ஊர் இது. கண் பரிசோதனைக்கு நாம் எங்கும் தேடி அலைய வேண்டியதில்லை. நிறுவனத்திலேயே ஒரு நாள் கண் முகாம் வைக்க முதலாளியிடம் கேளுங்கள். அதோடு, கூரையில் இருக்கும் டியூப் லைட் மட்டும் போதாது. ஊசிக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும் சிறு எல்.இ.டி. விளக்கு ஒவ்வொரு மெஷினுக்கும் வேண்டும். கருந்துணி ஓடும் மெஷின்களிலிருந்து அதைத் தொடங்குங்கள்.

கைக்கு வருவோம். காலர் ஏற்றுபவரின் கைகளை மட்டும் ஒரு பீஸ் முடியும்வரை பார்த்தால், இடக்கை பண்டிலிலிருந்து, அதாவது வெட்டிய துணிக் கட்டிலிருந்து, ஒன்றை உருவும், இரண்டு கைகளும் சேர்ந்து துணியை ஊசியடியில் திருப்பும், வலக்கை கத்தரியை எடுத்துப் பிசிறு வெட்டும், முடித்ததைப் பின்னால் தள்ளும். ஒரு பீஸுக்கு மூன்று வெட்டு என்று வைத்தாலும், மணிக்கு 60 என்ற உங்கள் கணக்கில் எட்டு மணி நேரத்துக்கு 480 பீஸ், 1,440 வெட்டு. கத்தரியின் ஸ்பிரிங் கடினமாக இருந்தாலோ, வாய் மழுங்கியிருந்தாலோ, அந்த 1,440 முறையும் கட்டைவிரல்தான் விலை கொடுக்கிறது. வாரம் ஒரு முறை சாணை பிடிப்பது, ஸ்பிரிங் இளகலான கத்தரி வாங்கித் தருவது, முடிந்தால் நூலைத் தானே வெட்டும் மெஷினைக் காலருக்கும் கஃப்புக்கும் (சட்டைக்கையின் மணிக்கட்டுப் பட்டை) முதலில் ஒதுக்குவது ஆகியவை பெரிய காரியங்களாகத் தோன்றாது. இரவில் விரல் மரத்து எழுந்து உட்காருகிறவருக்கு அவை பெரிய காரியங்கள்தான். பண்டில் பெட்டியும் கை நீட்டாமல் எட்டும் தூரத்தில், மேசைமட்டத்தில் இருக்க வேண்டும். தரையில் கிடக்கும் பண்டிலை நாளெல்லாம் இடுப்பைத் திருகி எடுப்பதை நாம் ஏதோ பழக்கம் என்று விட்டுவிடுகிறோம்.

எந்த விரல் மரக்கிறது என்பதைத் தனித்தனியாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிரவிரலில் பாதி ஆகியவை இரவில் மரத்து, கையை உதறினால் சற்றுத் தெளிகிறது என்றால், மணிக்கட்டில் நடுநரம்பு நெருக்கப்படுகிறது என்று சந்தேகிக்க வேண்டும். சுண்டுவிரல் மரக்கிறது என்றால் வேறு நரம்பு. முழங்கையை மேசையின் கூரான விளிம்பில் ஊன்றித் தைக்கிறாரா என்று பாருங்கள், அந்த விளிம்பில் பஞ்சு வைத்துத் துணி சுற்றிவிடுங்கள். சர்க்கரை நோய், தைராய்டு குறைபாடு, கர்ப்பம் ஆகியவற்றாலும் மணிக்கட்டு நரம்பு நெருக்கம் வரலாம் அல்லது கூடலாம் என்பதால், மரப்பு தொடர்ந்து இருப்பவர்கள் இரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும். கையிலிருந்து பொருள் நழுவி விழுகிறது, கட்டைவிரலின் அடிமேடு சப்பையாகிவிட்டது என்று ஒருவர் சொன்னால், மேசையைச் சரிசெய்யும்வரை காத்திருக்கக் கூடாது. அவரை அந்த வாரமே மருத்துவரிடம் அனுப்புங்கள். அந்த நிலைக்குப் பிறகு தாமதித்தால், இழந்த பலம் முழுதாகத் திரும்பாமல் போகலாம்.

இப்போது திரை. உடம்பு வலியா மன வலியா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டையும் பிரிக்க முடியாது என்பதற்கு இந்தத் திரையே சான்று. கையும் காலும் ஓய்வில் இருக்கும் ஒருவருக்குக் கடினமான மனக்கணக்கை நேர நெருக்கடியோடு கொடுத்தால்கூட, கழுத்துக்கும் தோளுக்கும் இடையில் உள்ள தசை தானாக இறுகுவதை மின்கருவிகளால் பதிவுசெய்திருக்கிறார்கள். உங்கள் பெண்களுக்கு அந்தத் தசை ஏற்கெனவே தலையைத் தாங்கி இறுகிக் கிடக்கிறது. அதன்மேல் நொடிக்கு நொடி கண்ணெதிரே மாறும் எண் வேறு. வலி இருந்தால் தூக்கம் கெடும், தூக்கம் கெட்டால் மறுநாள் வலி கூடும், வலி கூடினால் கை தளரும், கை தளர்ந்தால் திரை சிவக்கும். அந்தப் பெண் அழுததைப் பலவீனம் என்று யாரும் எழுதிவிட வேண்டாம்.

வேலைச் சுமை மட்டும் மனிதரை உடைப்பதில்லை. அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் கராசெக் 1979-இல் முன்வைத்து, பிறகு பல நாடுகளில் சோதிக்கப்பட்ட கருத்து இது: எதிர்பார்ப்பு அதிகமாகவும், எதையும் தானே தீர்மானிக்கும் உரிமை குறைவாகவும் இருக்கும் வேலைதான் மனத்தை மிகவும் நெருக்குகிறது. காலர் மெஷினில் அமர்ந்திருக்கும் பெண்ணை எண்ணிப் பாருங்கள். நூல் அறுந்தால் பீஸ் குறையும், ஊசி உடைந்தால் குறையும், முந்தைய மெஷினிலிருந்து பண்டில் வரத் தாமதமானால் குறையும், கட்டிங்கில் கோணலாக வந்த துணியைத் திருத்தினால் குறையும். இவற்றில் எதற்கும் அவள் பொறுப்பில்லை. ஆனால் திரை சிவப்பது அவள் முகத்துக்கு நேரே, பக்கத்து மெஷின்காரியும் பார்க்கும்படியாக. தன் கையில் இல்லாத ஒன்றுக்காக எட்டு மணி நேரமும் தண்டிக்கப்படும் உணர்வுதான் இந்தக் கருவியின் பிழை. அதை வடிவமைத்தவர் பீஸை எண்ணினார், பீஸ் ஏன் குறைந்தது என்பதை எண்ணவில்லை.

மதுரை மீனாட்சியம்மன் கோவிலுக்கு எதிரே உள்ள புதுமண்டபத்துத் தூண்களுக்கு இடையில் பல காலம் கால்மெஷின் வைத்துத் தைத்தவர்களைப் பலரும் பார்த்திருப்பார்கள். சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் உடை தைக்கும் நாட்களில் அவர்களுக்கும் இரவு பகல் தெரியாத வேலைதான். கால்மெஷினும் முக்காலியும் உடம்புக்கு இதமானவை அல்ல. ஆனால் அங்கே ஒருவரே அளவெடுப்பார், துணி வெட்டுவார், தைப்பார், எழுந்து நின்று வாடிக்கையாளரிடம் பேசுவார், டீ வந்தால் குடிப்பார். எதை முதலில் செய்வது என்பது அவர் கையில் இருந்தது. லைன் முறையில் அந்த எழுந்து நடத்தலும் மாற்றி மாற்றிச் செய்தலும் முழுதாக எடுக்கப்பட்டுவிட்டன. பழைய முறைக்குத் திரும்பச் சொல்லவில்லை. எடுத்ததில் கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுக்க முடியும். காலர் ஏற்றுபவரும் பட்டன் வைப்பவரும் மதிய உணவுக்குப் பிறகு இடம் மாறிக்கொள்ளலாம். இரண்டு வேலையும் தெரிந்த ஆட்கள் இருந்தால், ஒருவர் விடுப்பு எடுக்கும் நாளில் லைன் நிற்காது என்பதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள்.

திரையைக் கழற்றும் அதிகாரம் உங்களுக்கு இருக்காது. ஆனால் அதன் அமைப்பை மாற்றக் கேட்க முடியும். தனித்தனி மெஷினின் எண்ணுக்குப் பதிலாக லைன் முழுவதின் எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். மணிக்கணக்குக்குப் பதிலாக அரைநாள் கணக்கு போடச் சொல்லுங்கள். சிவப்பு நிறத்தை எடுக்கச் சொல்லுங்கள். நூல் அறுந்தது, ஊசி உடைந்தது, பண்டில் வரவில்லை என்று தைப்பவரே பதிவுசெய்ய ஒரு பொத்தான் இருந்தால், அந்த நேரம் அவர் கணக்கில் சேராது; முதலாளிக்கும் லைன் எங்கே தடைபடுகிறது என்பது முதல்முறையாகத் தெரியவரும். பாத்ரூம் போகும் நேரம் எந்தக் கணக்கிலும் வரவே கூடாது. தண்ணீர் குடிக்காமல் சிறுநீரை அடக்கிவைப்பது சிறுநீர்த் தொற்றுக்கு நேர்வழி. மதுரையின் சித்திரை, வைகாசி வெயிலில், தகரக் கூரையின் கீழ், இஸ்திரிப் பெட்டியின் ஆவிக்கு நடுவில் அது மயக்கத்துக்கும் வழி. இந்த ஒன்றுக்காக மட்டும் நீங்கள் யாருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டாம் என்பது என் கருத்து. தண்ணீர்ப் பாட்டிலை ஒவ்வொருவர் கைக்கும் எட்டும்படி வைக்கச் சொல்லி, மணிக்கு ஒரு முறை நீங்களே "எழுந்து வாங்க" என்று அழையுங்கள். சூப்பர்வைசர் சொல்லி எழுந்தால் அந்தப் பெண்களுக்குப் பயம் இருக்காது.

அப்படி எழுந்தால் டார்கெட் என்ன ஆகும் என்று கேட்பார்கள். அமெரிக்க வரித்துறையில் கணினியில் விவரம் பதிவுசெய்யும் ஊழியர்களுக்கு, வழக்கமான இடைவேளைகளுக்கு மேல் ஐந்து ஐந்து நிமிடமாக நாளுக்கு நான்கு இடைவேளைகள் கூட்டிக் கொடுத்துப் பார்த்தார்கள். இருபது நிமிட வேலை நேரம் குறைந்தும், பதிவின் அளவு குறையவில்லை. கண் சோர்வும் உடல் வேதனையும் குறைந்தன. 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு அது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்காமல் அரை மணி இடைவேளை தர வேண்டும் என்று நம் நாட்டின் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. அது குறைந்தபட்சம், அதற்கு மேல் கொடுப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. செக்கிங் மேசையிலும் இஸ்திரியிலும் நாள் முழுவதும் நிற்கிறவர்களுக்கு உயரமான முக்காலி ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். கடைகளில் நிற்கும் ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டம் திருத்தப்பட்டதை நினைவுபடுத்துங்கள். விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக்கடைப் பெண்ணுக்குப் பொருந்தும் நியாயம் உங்கள் செக்கிங் பெண்ணுக்கும் பொருந்தும்.

அந்த இருபது வயதுப் பெண்ணிடம் தனியாகப் பேசுங்கள். லைன் நடுவில் வேண்டாம், வேன் வருவதற்கு முன்னால் ஒரு பத்து நிமிடம் போதும். தூக்கம் வருகிறதா, சாப்பாடு இறங்குகிறதா, வேலைக்குக் கிளம்பும்போதே நெஞ்சு படபடக்கிறதா, வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றுகிறதா என்று நேராகக் கேளுங்கள். கடைசிக் கேள்வியைக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்காமல் விடுவதில்தான் ஆபத்து. இரண்டு வாரத்துக்கு மேல் இந்தத் தொந்தரவுகள் நீடித்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். வாழப் பிடிக்கவில்லை என்று சொன்னால் அன்றே, தனியே அனுப்பாமல் துணைக்கு ஆளோடு அனுப்ப வேண்டும். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் எந்த நேரத்திலும் தமிழிலேயே பேசலாம்.

இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டைப் பற்றி உங்கள் பெண்கள் பலருக்கு முழுதாகத் தெரிந்திருக்காது என்று ஊகிக்கிறேன். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்குச் சம்பளத்தில் 0.75 விழுக்காடு அவர்களிடமும், 3.25 விழுக்காடு நிறுவனத்திடமும் பிடிக்கப்படுகிறது. அந்தப் பணத்துக்குத் தத்தனேரி இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் சிகிச்சை பெறும் உரிமை இருக்கிறது. அதற்கு மேல், மருத்துவர் சான்றளித்த நோய் விடுப்புக்குச் சம்பளத்தில் 70 விழுக்காடு வரை, ஆண்டுக்கு 91 நாட்களுக்குக் கிடைக்கும். உரிய ஆறு மாதக் காலத்தில் குறைந்தது 78 நாட்களுக்குச் சந்தா செலுத்தப்பட்டிருக்க வேண்டும். "லீவு போட்டால் கூலி போய்விடும்" என்று பயந்து, மரத்த விரலோடு தைத்துக்கொண்டிருப்பவரிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

முதலாளியிடம் பேசும்போது வலியிலிருந்து தொடங்க வேண்டாம் என்பது என் யோசனை. அவர் அதைக் கேட்கும் மனநிலையில் இப்போது இல்லை. கடந்த மூன்று மாத விடுப்புப் பதிவேட்டையும், ஆல்டருக்கு, அதாவது பிழை திருத்தத்துக்கு, திரும்பி வந்த பீஸ் கணக்கையும், வேலையை விட்டு நின்றவர்களின் எண்ணிக்கையையும் எடுத்துக்கொண்டு போங்கள். ஒரு தேர்ந்த காலர் டெய்லர் நின்றுவிட்டால், புதிதாக வருபவர் அந்த வேகத்துக்கு வர எத்தனை மாதம் ஆகும் என்பது அவருக்குத் தெரியும். இன்னொன்றும் சொல்லுங்கள்: உங்கள் மெஷின்கள் பழைய கிளட்ச் மோட்டாரில் ஓடுகின்றன என்றால், அது மிதிக்காத நேரத்திலும் சுற்றிக்கொண்டே இருக்கும், இரைச்சலும் சூடும் அதிர்வும் அதனால்தான். சர்வோ மோட்டார் மிதித்தால் மட்டும் ஓடும். மின்கட்டணம் கணிசமாகக் குறையும், மிதிக்க வேண்டிய விசையும் குறையும். செலவைத் தானே திருப்பித் தரும் மாற்றம் என்று அவர் முதலில் ஒப்புக்கொள்ளப்போவது அநேகமாக இதுவாகத்தான் இருக்கும்.

42 மெஷினையும் ஒரே நாளில் மாற்றப் புறப்படாதீர்கள். காலர், கஃப் வேலையில் உள்ள ஆறு மெஷின்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மேசை, மிதி, விளக்கு, கத்தரி, பண்டில் பெட்டி, நாற்காலிச் சக்கரம் ஆகியவற்றை ஆறு பேரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர்கள் சொல்வதைக் கேட்டே சரிசெய்யுங்கள். "இன்னும் ஒரு விரல் உயர்த்தினால் சரியா இருக்கும்க்கா" என்று தைப்பவர் சொல்வது எந்த அளவுகோலையும்விடத் துல்லியமானது. மாற்றிய முதல் வாரத்தில் வேகம் சற்றுக் குறையும், பழகிய உடம்பு புதிய உயரத்துக்குப் பழகவேண்டும். அந்த ஒரு வாரத்துக்கு அந்த ஆறு திரைகளையும் அணைத்துவைக்க மட்டும் இப்போதே அனுமதி வாங்கிவிடுங்கள். வேலை தொடங்குமுன் ஒரு முறையும் முடிந்தபின் ஒரு முறையும், எங்கே வலி, பத்துக்கு எத்தனை என்று ஒரு நோட்டில் எழுதிவாருங்கள்.

ஆறு மேசைகளின் உயரத்தையும், அவற்றில் அமர்பவர்களின் முழங்கை உயரத்தையும் சென்டிமீட்டரில் அளந்து, வேலை நேரத்தில் பக்கவாட்டிலிருந்து எடுத்த படத்தோடு எனக்கு அனுப்பிவையுங்கள். அவர்கள் சம்மதித்தால் மட்டும், முகம் தெரியாதபடி எடுங்கள். எந்த மேசையை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதுகிறேன்.